மூடி திறக்காத இட்லிப் பானை

ஸ்ரீரங்கத்தில் கோபுரத்துக்குப் பக்கத்தில் மரச் சொப்புச் சாமான் விற்கும் கடைக்காரர் ஒருவர் கையில் எப்போதும் ஒரு பசை ட்யூப் இருக்கும். இட்லிப் பானை, குடம், சட்டி எதுவானாலும், விற்பதற்கு முன் மூடியில் ஒரு சொட்டு வைத்து அழுத்தி ஒட்டிவிடுவார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னிடம் இருக்கும் ஜப்பான் சொப்பு செட்டில் மரக் கேரட்டை மரக் கத்தியால் இரண்டாக வெட்டலாம். ஜெர்மனி பொம்மை அடுப்பில் குமிழைத் திருகினால் டிக்கென்று கேட்கும். நம் ஊர்க் குழந்தை மட்டும் திறக்காத பானையில் இட்லி அவிக்க வேண்டுமா?

"ஏன்ணே இப்படிப் பண்றீங்க? மூடி திறக்கலேன்னா பிள்ளைங்க எப்படி சமைக்கும்?"

"மூடி தொலைஞ்சா வீட்டுக்காரங்க எங்கிட்ட சண்டைக்கு வராங்க தம்பி. ஒட்டிக் குடுங்கன்னு அவங்களேதான் கேக்கிறாங்க."

"விளையாடறது அவங்களாண்ணே?"

அவர் கோபப்படவில்லை. உள்ளேயிருந்து ஒட்டாத செட் ஒன்றை எடுத்து வந்தார். "விளையாடற பிள்ளைங்களுக்குன்னு ரெண்டு மூணு வச்சிருக்கேன். இது எந்தப் பிள்ளைக்கு?"

"எனக்குத்தான். வீட்ல கண்ணாடி அலமாரியில வைக்க."

அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, ஒட்டியதில் ஒன்றைப் பொட்டலம் கட்டினார்.

"அப்ப உங்களுக்கு இது போதும் தம்பி."

சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் கோபம் ஆறவில்லை. அது அவர் மேல்தானா என்று மட்டும் இன்றுவரை சொல்லத் தெரியவில்லை.