நைனா வாங்கிய செருப்படி

மாமல்லபுரத்தை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டுத் திருக்கழுக்குன்றம் சாலையில் நாங்கள் நடந்துகொண்டிருந்தபோது, நைனாவின் கன்னத்தில் ஒட்டியிருந்த பொய்த் தழும்பு வெயிலில் இளகி, ஒரு முனை பெயர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. பஞ்சர் கடையும் வார்னிஷும் கலந்தது போன்ற அதன் பசை நாற்றம் இன்றும் என் மூக்கைவிட்டுப் போகவில்லை. அவர் அதைப் பிய்த்தெறியவில்லை. எதிரே வந்த சைக்கிள்காரர்கள் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு ஓரமாக ஒதுங்கிப் போனார்கள். ஒரு தேங்காய், வெற்றிலை பாக்கு, மஞ்சள் கிழங்கு எல்லாம் கிடந்த மஞ்சள் பையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னாலேயே ஓட்டமும் நடையுமாகப் போனேன். எங்கே போகிறோம் என்று கேட்கவில்லை. எங்கள் குப்பத்துக்குப் போகவில்லை என்பது மட்டும் தெரிந்தது, ஏனென்றால் குப்பம் கடலோரமாக வடக்கே இருந்தது, நாங்கள் கடலை விட்டு மேற்கே போய்க்கொண்டிருந்தோம்.

என் அப்பாவை நான் "நைனா" என்றுதான் கூப்பிடுவேன். அவர் பெயர் கன்னியப்பன், சினிமாவில் வில்லன். போஸ்டரின் அடியில், பசை வழிந்து மறையும் இடத்தில், "கராத்தே கன்னியப்பன்" என்று போட்டிருப்பார்கள். வாலிபத்தில் ராயபுரத்தில் மூட்டை தூக்கப் போனவர், அங்கே கப்பலில் வேலை பார்த்துவிட்டு வந்த ஒருவரிடம் கராத்தே கற்றுக்கொண்டார். அந்தக் காலத்தில் எந்தப் படமானாலும் கறுப்பு பனியன் போட்ட மொட்டைத்தலை ஆள் ஒருவன் வாயால் சத்தம் போட்டுக்கொண்டே கையைக் காலை வீசி, கடைசியில் ஹீரோவிடம் உதை வாங்கி விழவேண்டும் என்று ஒரு வழக்கம் இருந்தது. அந்த மொட்டைத்தலை என் நைனா. முதலில் பெரிய வில்லனுக்குப் பக்கத்தில் நின்றார். பிறகு செலவில்லாமல் எடுக்கும் சின்னப் படங்களில் அவரே வில்லனானார். பாறையிலிருந்து தள்ளினார்கள், வைக்கோல் போரோடு கொளுத்தினார்கள், எங்கள் கடலிலேயே முக்கினார்கள். மாதத்தில் சில நாள்தான் இந்த வேலை. மற்ற நாளெல்லாம் என் தாய்மாமனின் படகில் மீன்பாட்டுக்குப் போனார். எங்கள் வீட்டில் உலை வைத்தது கடல்தான். சினிமா கொடுத்தது வெறும் பெயர்.

அந்தப் பெயர் எதனால் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சினிமாச் சண்டையில் கை முகத்துக்கு ஒரு சாண் தள்ளித்தான் போகும். கேமரா அதை மறைத்துவிடும். ஆனால் சண்டையே தெரியாத ஹீரோக்களுக்கு அந்த ஒரு சாண் கணக்குப் பிடிபடாது. அவர்கள் நிஜமாகவே அடித்துவிடுவார்கள். வேறு ஆட்கள் முகம் சுளித்தால், "கன்னியப்பனைக் கூப்பிடு, அவன் தாங்குவான்" என்பார்கள். நைனாவின் தொழில் கராத்தே இல்லை, அடி தாங்குவது. அதை அவர் டீக்கடையில் உட்கார்ந்து பெருமையாகச் சொல்லிக்கொள்வார். எனக்கு ஒரு பெருமையும் இல்லை. ஒவ்வொரு படம் வந்த பிறகும் பள்ளிக்கூடத்தில் பையன்கள் ஹீரோ உதைத்த உதையை என் மேல் போட்டுப் பார்த்தார்கள். ஏழாவதோடு நான் படிப்பை விட்டதற்கு வாத்தியார்கள் வேறு காரணம் சொல்லக்கூடும்.

எங்கள் குப்பம் அவருடைய எல்லாப் படத்தையும் செங்கல்பட்டுக்கு லாரி ஏறிப் போய்ப் பார்த்தது. நைனா விழும்போது எங்கள் ஆட்கள்தான் முதலில் விசில் அடிப்பார்கள். கடைசியாக வந்த படத்தில் மட்டும், நைனா தரையில் மண்டியிட்டுக் கிடக்க, ஹீரோ குனிந்து தன் காலிலிருந்த செருப்பைக் கழற்றி அவர் கன்னத்தில் அறைந்தார். தியேட்டர் எழுந்து நின்று கத்தியது. எங்கள் பெஞ்சுகளில் மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. இடைவேளையில் வாங்கிய முறுக்கை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

காரணம் இருந்தது. எங்கள் குப்பத்தில் ஒருவன் இன்னொருவனைக் கட்டையால் அடிக்கலாம், கல்லால் அடிக்கலாம். நாலு நாளில் ஒன்றாகக் கள் குடிப்பார்கள். செருப்பால் அடித்தால் கதை வேறு. அடித்தவன் அம்மன் கோயில் வாசலில் தேங்காய், வெற்றிலை, மஞ்சளோடு தட்டு வைத்து, "தெரியாமல் செய்துவிட்டேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்லும் வரை, அடிபட்டவன் படகில் கால் வைக்கக்கூடாது. வைத்தால் கடல் மீன் தராது என்பது அவர்கள் நம்பிக்கை. அடித்தவன் உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் சரி. சினிமாவுக்கு விலக்கு உண்டா என்று அதுவரை யாரும் யோசித்ததில்லை. தாய்மாமன் யோசித்தார். படகு அவருடையது.

குப்பத்துத் தலைவரை நாட்டார் என்போம். அவர் மறுநாளே கோயில் வாசலில் கூட்டத்தைக் கூட்டினார்.

"கன்னியப்பா, ஒரே கேள்விதான். செருப்பு கன்னத்துல பட்டுச்சா, படலியா?"

அவர் நல்ல மனுஷர். தப்பிப் போக வழியைத் திறந்துவைத்துவிட்டுத்தான் கேட்டார். பின்னாலிருந்து யாரோ, "படலன்னு சொல்ட்டு எந்திரிச்சி வா அண்ணாத்த, வலை காஞ்சிகினு கீது" என்றார்.

"பட்டுச்சு" என்றார் நைனா.

மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாய்யா பேசுற? காத்துல வீசுவாங்கோ, கேமரா மறைச்சிக்கும்னு நீதானே சொல்லுவே?"

"அது மத்தவனுக்கு. எனக்குப் படும். பட்டாத்தான் கன்னியப்பன்."

"அப்போ அடிச்சவன் வந்து ஆத்தா முன்னால நிக்கட்டும்" என்றார் ஒரு கிழவர்.

"யாரு, ஹீரோவா?" என்று பையன்கள் சிரித்தார்கள்.

"யாரா இருந்தா இன்னா? கை அவனுதுதானே, செருப்பு அவனுதுதானே?"

நைனா சொன்னது பொய்யில்லை. படப்பிடிப்பு முடிந்து வந்தபோது அவருடைய தாடை வீங்கியிருந்தது. அம்மா உப்பு வறுத்து ஒத்தடம் கொடுத்ததை நானே பார்த்தேன். ஆனால் உண்மை யாருக்கு வேண்டும்? அன்று வீட்டில் அம்மா உலைக்கு அரிசி போடாமல் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு வார்த்த. 'படல'. அதச் சொல்றதுக்குத் தொண்டையில இன்னா முள்ளா மாட்டிகினு கீது?"

"சொன்னா நாளைக்கி சினிமாக்காரன் கூப்புட மாட்டான்டி. கன்னியப்பனுக்கு அடியே படலியாம்னு ஆயிரும்."

"கூப்புட்டு இன்னா பண்ணிட்டான்? செருப்பாலதானே அடிச்சான்?"

படகு அவர் இல்லாமல் கடலுக்குப் போனது. அம்மா கருவாடு விற்றதில் சாப்பிட்டோம். மாமா எங்கள் வீட்டு வாசலைத் தாண்டும்போது வேண்டுமென்றே காறித் துப்பிவிட்டுப் போனார்.

அப்போதுதான் அதே ஹீரோவின் அடுத்த படத்துக்கு நைனாவைக் கூப்பிட்டார்கள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, பாறைகள் கடலுக்குள் இறங்கும் இடத்தில் கடைசிச் சண்டை. நைனா தேங்காயும் வெற்றிலையும் வாங்கி மஞ்சள் பையில் போட்டு என் கையில் கொடுத்து, என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஹீரோ குடைக்குக் கீழே இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். முகத்தில் தழும்போடு நைனா அவர் முன்னால் குனிந்து நின்றார். படத்தில் எத்தனையோ விதமாக அவர் சாய்வதைப் பார்த்திருக்கிறேன். நிஜத்தில் அவர் முதுகு வளைவதைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இன்னா மாஸ்டர், இவன் தேங்காயோட வந்துகிறான்? பூஜையா?" என்று ஹீரோ சண்டை மாஸ்டரைப் பார்த்துக் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

"ஒரு பத்து நிமிசம் சார். எங்க குப்பம் பக்கத்துலதான். ஆத்தா முன்னால தட்ட வெச்சி, தெரியாம செஞ்சிட்டேன்னு சொன்னாப் போதும். என்னப் படகுல ஏத்திக்குவாங்க."

"தெரியாமயா? அந்த சீனுக்குத்தான்யா தியேட்டரே எந்திரிச்சு நின்னுச்சு! நான் போயி வில்லன்கிட்ட மன்னிப்புக் கேட்டா, என் ரசிகனே என்னச் செருப்பால அடிப்பான்." அவர் இளநீரை வைத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். "அதுவுமில்லாம உனக்கு எங்கய்யா பட்டுச்சு? நான் காத்துல வீசினேன். சத்தத்த அப்புறமா சேத்தாங்க. படவேயில்ல."

மாஸ்டர் கூப்பிட்டதும் நைனா போய்ப் பாறைமேல் நின்றார். ஹீரோ ஓடிவந்து நெஞ்சில் உதைக்க, நைனா பின்பக்கமாக மணலில் விழவேண்டும். கேமரா ஓடியது. ஹீரோ ஓடிவந்தார், காலை வீசினார். கால் ஒரு சாண் தள்ளிப் போனது. நைனா அப்படியே நின்றார்.

"கட்! இன்னாய்யா ஆச்சு, விழல?"

"படல மாஸ்டர். பட்டா விழறேன்."

மறுபடி எடுத்தார்கள். இந்தத் தடவை கால் சட்டையை உரசியது. "படல" என்றார் நைனா. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். ஹீரோவின் முகம் சிவந்தது. அடுத்த தடவை முழு பலத்தோடு நெஞ்சில் உதைத்தார். சத்தம் எனக்கே கேட்டது. நைனா ஒரு அடி பின்னால் போய், இரண்டு காலையும் ஊன்றி நின்றுவிட்டார். விழுந்தது ஹீரோ. கணுக்காலைப் பிடித்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்தவர், "இந்த நாயை அடிச்சித் தொரத்துங்கடா" என்று கத்தினார்.

அடிக்க யாரும் பக்கத்தில் வரவில்லை.

"படல" என்று மூச்சு வாங்கச் சொல்லிவிட்டு நைனா இறங்கி நடந்தார். அன்றோடு அவருடைய சினிமா முடிந்தது. ஹீரோவைக் கீழே தள்ளிய வில்லனை அதன் பிறகு ஒரு கம்பெனியும் கூப்பிடவில்லை.

நடக்க நடக்கப் பசி தாங்கவில்லை. அம்மனுக்கு வாங்கிய தேங்காயை நைனா மைல்கல்லில் மோதி உடைத்தார், இரண்டு பேரும் தின்றோம். வெற்றிலையைச் சாலையிலேயே கொட்டிவிட்டார்.

"நைனா, இப்போ வாய் தொறந்து படலன்னு சொன்னியே. அதையே நாட்டார்கிட்ட சொல்லிட்டு வூட்டுக்குப் போயிடலாமே?" என்றேன்.

நைனா கொட்டாங்கச்சியை ஓரமாக வீசினார். "அங்க கேட்டாக்கா பட்டுச்சுன்னுதான்டா வாயில வரும்."

அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் புரியவில்லை. திருக்கழுக்குன்றத்துக்கு அப்பால் ஒரு ஜல்லி லாரிக்காரன் ஏற்றிக்கொண்டான். அன்றைக்குச் செங்கல்பட்டு ஸ்டேஷனில் படுத்தோம். அம்மா குப்பத்தில் கருவாடு விற்றுக்கொண்டிருந்தாள்.

பிறகு நான் இருந்த ஊர்களுக்குக் கணக்கில்லை. லாரியில் கிளீனர், அச்சரப்பாக்கத்தில் மாட்டுத்தீவனக் கடை, இப்போது ஊரப்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே தண்ணீர் மோட்டார் பார்க்கிற வேலை. குப்பத்தின் முன்வரிசை வீடுகளைக் கடல் தின்றுவிட்டது. எங்கள் வீடு இருந்த இடத்தில் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். கூட்டம் நடந்த கோயில் வாசலுக்குப் பின்னால் ஒரு ரிசார்ட்டின் மதில் நிற்கிறது. செங்கல்பட்டுத் தியேட்டர் ஜவுளிக்கடையாகி, அதன் வாசலில் வண்டி நிறுத்த இடமில்லை என்று சண்டை போடுகிறார்கள். இப்போது சண்டைக்கு ஆட்களைக் கயிற்றில் கட்டிப் பறக்கவிடுகிறார்கள். யாருக்கும் எங்கும் வலிப்பதில்லை. நைனாவின் படங்களில் ஒன்றுகூட முழுசாக இல்லை. அந்தச் செருப்படி மட்டும் துண்டாகக் கிடைக்கிறது. கட்டடத்தில் குடியிருக்கும் பையன்கள் போனில் போட்டுச் சிரித்தார்கள், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஹீரோ பெயர் கொட்டையெழுத்தில் இருந்தது. அடி வாங்குகிறவன் பெயர் எங்கும் இல்லை. நானும் சொல்லவில்லை.

நான் சொல்ல வந்தது செங்கல்பட்டு ஸ்டேஷனில் விடிந்த காலையைப் பற்றி. வெளியே டீக்கடையில் ஒரு டீ வாங்கி இரண்டாகப் பகிர்ந்து குடித்துக்கொண்டிருந்தபோது, மோட்டார்சைக்கிளில் வந்த ஒரு ஆள் நைனாவையே உற்றுப் பார்த்தான். பாலாற்றங்கரைச் செங்கல் சூளை ஒன்றின் மேஸ்திரி.

"நீ அந்த அடி வாங்குற வில்லன்தானே?"

"ஆமா."

"எங்களுக்கு அடி வாங்க ஆள் வேணாம். வாசல்ல நிக்க ஆள் வேணும். முன்பணம் வாங்கி வேலைக்கி வந்தவனுங்கோ சீசன் முடியறதுக்குள்ள ஊருக்குப் போறேன்னு மூட்டையக் கட்டிடறானுங்கோ."

"நான் இன்னா செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேணாம். நில்லு, போதும்."

நைனா என்னைக் காட்டி, "இவனுக்கும் சோறு போடணும்" என்றார். மேஸ்திரி தலையாட்டினான்.

சூளைக்குப் போய் நின்று கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. ஒரு ஆள் தலையில் சட்டிபானை மூட்டையோடு வந்தான். பின்னால் அவன் மனைவி, தோளில் துவண்டு கிடந்த ஒரு பெண் குழந்தை. "ஜொரம் சார், ஆஸ்பத்திரிக்கு…" என்று ஆரம்பித்தவன், தழும்பு ஒட்டியிருந்த நைனாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்ததும் நிறுத்திவிட்டான். நைனா கையைத் தூக்கவில்லை. நின்றார், அவ்வளவுதான். அந்த ஆள் மூட்டையை இறக்காமல் அப்படியே திரும்பிக் குடிசைப் பக்கம் நடந்தான். குழந்தை மட்டும் அம்மாவின் தோள் வழியாக எங்களைப் பார்த்துக்கொண்டே போனது.

மேஸ்திரி சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பி, "டேய், கேட்டைச் சாத்து" என்றான். சாத்தினேன். அந்த சீசன் முடியும் வரை அதுதான் என் வேலை.