ஐந்தருவி ஓடையில் பதினெட்டுக் குழிகள்

சாரல் காலத்தில் குற்றாலம் போகிறவர்கள் குளிக்கப் போவார்கள். நான் கல் உடைக்கப் போனேன். 1967 ஆகஸ்ட். கூட வந்தவன் ஞானதுரை, கல்லூரியில் என்னோடு நிலவியல் படித்தவன். வகுப்பில் நான் முதல், அவன் ஏழாவது. பாறைகளின் காந்தத்தை அளக்கும் ஆய்வுக்கூடம் ஒன்றில் ஒரே ஓர் இடம் காலி. ஒரே பாறையிலிருந்து ஆளுக்கு ஆறு கல் கொண்டு வாருங்கள், யாருடைய ஆறும் ஒரே திசையைக் காட்டுகிறதோ அவனுக்குத்தான் இடம் என்று எங்கள் பேராசிரியர் சொல்லிவிட்டார்.

காலை எட்டரைக்குத் தென்காசி ஸ்டேஷன். அங்கிருந்து குற்றாலம் மூன்றரை மைல், ஐந்தருவி இன்னும் மூன்று மைல். பஸ்ஸில் போனால் மலிவு. திரும்பும்போது கல் மூட்டை இருக்கும் என்பதால் குதிரை வண்டி பிடித்தோம். போய் வர ஆறு ரூபாய். நான் பேரம் பேசியபோது மசியாத வண்டிக்கார அண்ணாச்சி, ஞானதுரை சிரித்ததும் ஐந்தாகக் குறைத்தார். அவனுக்கு எல்லாம் இப்படித்தான் நடக்கும்.

“கல்லு எதுக்கு தம்பி?” என்றார் அண்ணாச்சி.

“இந்த நாடே நகருது அண்ணாச்சி. தெக்கே ரொம்ப தூரத்துல கிடந்துச்சி. வடக்க போயி, நடுவுல இருந்த கடல மூடி, அதோட அடியில கிடந்த சேத்த இமயமலையா மடிச்சிட்டு. இந்தப் பக்கம் நிலம் கிழிஞ்சி அரபிக்கடல் திறந்துச்சி. நம்ம மலை அந்தக் கிழிசலோட விளிம்பு” என்றான் ஞானதுரை.

“இப்பமும் நகருதா?”

“வருசத்துக்கு ரெண்டு விரல் கனம்.”

“அப்ப எம் மச்சான் வரப்புக்கல்ல நான் நகட்டலன்னு சொல்லலாம்.”

இருவரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அதையே நான் சொல்லியிருந்தால் அரைமணி நேரம் ஆகியிருக்கும், அண்ணாச்சி தூங்கியிருப்பார்.

ஓடைக்குள் கறுப்பாக ஒரு பாறைப்பட்டை ஓடுகிறது. உருகிய பாறை உறையும்போது அதிலுள்ள இரும்புத் துகள்கள் அன்றைய வடக்கைப் பார்த்து நின்றுவிடும். அதை அளந்தால் அந்த நிலம் அன்று எங்கே இருந்தது என்று கணக்கிடலாம். ஆனால் கல் கிடந்த கிடை தெரிய வேண்டும். அதனால் உடைக்கும் முன்பே, திசைகாட்டியை வைத்து வெள்ளைப் பெயின்டால் வடக்கு அம்பு போட வேண்டும். அம்பு தப்பினால் எல்லாம் தப்பு.

சாரல் பிடித்துக்கொண்டது. அண்ணாச்சி குடையை விரித்து ஞானதுரை பக்கத்தில் குந்தினார். திசைகாட்டி நனையக்கூடாதென்று அதன் தலைக்கு மேலேயே தாழ்த்திப் பிடித்தார். எனக்குக் குடை பிடிக்க ஆளில்லை. கொட்டக் கொட்ட நனைந்து ஆறு அம்பும் போட்டேன். நிமிர்ந்தபோதுதான் கண்ணில் பட்டது: இரும்புக் கம்பிக் குடை. அண்ணாச்சி கை அசையும்போதெல்லாம் திசைகாட்டி முள்ளும் அசைந்தது. பேச்சு சுவாரசியத்தில் ஞானதுரை கவனிக்கவில்லை. அவனுடைய ஆறு கல்லும் ஆறு திசை காட்டும்.

நான் வாயைத் திறக்கவில்லை. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் திறக்கவில்லை. இடம் எனக்குத்தான் என்று நிம்மதியாக வண்டியில் உட்கார்ந்திருந்தேன்.

ஸ்டேஷனில் மூட்டையை இறக்கும்போது, “ஏலே, ஒன் கல்லு நல்லா வந்துருக்குலே” என்றான். அந்தப் பாராட்டுக்காக நான் உண்மையைச் சொல்லிவிடவில்லை. அந்த ஆறு பொய் அம்புகளை வைத்து எவனாவது இந்த நாட்டை வேறெங்கோ கொண்டுபோய் நிறுத்துவானே என்பதுதான் பொறுக்கவில்லை.

“ஒன் வடக்கு தப்பு. குடைக்கம்பி முள்ள இழுத்துட்டு.”

என்னையே பார்த்தான். “எப்பம் பாத்த?”

“அங்கன வச்சே.”

திட்டுவான் என்று நினைத்தேன். “அண்ணாச்சி, வண்டியத் திருப்புங்க” என்றான். நான் மட்டும் ரயில் ஏறினேன்.

மறுநாள் குடையில்லாமல் ஆறு கல் எடுத்திருக்கிறான். அதோடு நிற்கவில்லை. பழைய ஆறையும் அதனதன் குழியில் பொருத்தித் திசை பார்த்து, சேர்த்து அனுப்பி, குடை எத்தனை டிகிரி இழுத்தது என்று ஒரு பக்கம் எழுதியிருந்தான். என் ஆறும் ஒரே திசைதான், அவனுடைய புது ஆறும் ஒரே திசைதான். இடம் அவனுக்குப் போனது. பிழையை அளக்கத் தெரிந்தவன் வேண்டும் என்றாராம் பேராசிரியர். அந்தப் பக்கத்தின் அடியில் ‘பிழையைக் கண்டுபிடித்தவர்’ என்று என் பெயரைப் போட்டிருக்கிறான். அதைப் படித்தபோது இன்னும் எரிந்தது. இன்றும் எரிகிறது.

நீங்கள் போவதென்றால் ஆகஸ்டில் போங்கள். வண்டி பேசும் வேலையைச் சிரித்த முகமுள்ள ஆளிடம் விடுங்கள். கறுப்புப் பட்டையில் பதினெட்டுக் குழிகள் இருக்கும். கீழ்வரிசை ஆறு என்னுடையது. திசை பார்ப்பதாக இருந்தால் குடையை வண்டியிலேயே வைத்துவிட்டு நனையுங்கள்.