எட்வினைத் தேடி மதுரையில் நான்கு நாட்கள்

இந்த வலைப்பூவில் வழக்கமாகப் பேருந்துகளைப் பற்றித்தான் எழுதுவேன். எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு வண்டி, எங்கே இறங்கினால் நல்ல காபி கிடைக்கும் என்கிற மாதிரி. இந்த ஆடி மாதம் திருச்சியிலிருந்து மதுரைக்குப் போன காரணம் வேறு. என் கல்லூரித் தோழி ஸ்டெல்லாவின் தம்பி எட்வினைக் காணவில்லை. அவனைத் தேடப் போனேன். அப்படி ஒருவரைத் தேடிக் கிளம்ப வேண்டிய நிலைமை உங்களுக்கு வரவே கூடாது. ஒருவேளை வந்தால், நான் செய்ததை நீங்கள் செய்துவிடக் கூடாது. அதற்காகத்தான் இந்தப் பதிவு. பெயர்களை எல்லாம் மாற்றியிருக்கிறேன்.

காலை 5.40க்குத் திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்தில் ஏறினேன். 8.50க்கு மாட்டுத்தாவணி. அங்கிருந்து பழங்காநத்தத்துக்கு நகரப் பேருந்து, ஐம்பது நிமிடம். பெண்களுக்குக் கட்டணம் இல்லாத வண்டி என்பதால் உட்கார இடம் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் உட்கார்ந்திருப்பேனா தெரியாது. எட்வின் தாடி வைத்து, கண்ணாடி போட்டிருப்பான். ஜன்னல் வழியே தெரிந்த ஒவ்வொரு கண்ணாடி போட்ட முகத்தையும் பார்த்துக்கொண்டே போனேன்.

ஸ்டெல்லா மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சர். அப்பா, அம்மா இல்லை. தன்னைவிட ஒன்பது வயது இளையவனான எட்வினை அவள்தான் வளர்த்தாள். அவனுக்கு இப்போது முப்பத்திரண்டு. தனியார் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மூன்று வாரத்தில் நிச்சயதார்த்தம். ஒன்பது நாளுக்கு முன் காலை ஆறு மணிக்கு வேலைக்குக் கிளம்பியவன் அங்கே போகவில்லை.

கதவைத் திறந்ததும், “எம்புட்டு நேரமாடி ஒரு பஸ் வரும்?” என்று கேட்டாள். அவள் அழுவாள் என்று நினைத்து வந்திருந்தேன். தரையில் மதுரை மாவட்ட வரைபடத்தை விரித்து, சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தாள்.

எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. விடுதி நாட்களிலிருந்தே செய்தித்தாளில் வரும் வழக்குகளைப் பிரித்து மேய்வோம். போலீஸ் எங்கே கோட்டை விட்டது, யாரை விசாரித்திருக்க வேண்டும் என்று மணிக்கணக்காகப் பேசுவோம். இந்த முறையும் அதைத்தான் செய்தோம். காவல் நிலையத்தில் ஆள் காணவில்லை என்று வழக்குப் பதிந்திருந்தார்கள். விசாரணையைப் பார்த்தவர் ஒரு பெண் தலைமைக் காவலர், ஏட்டம்மா என்று கூப்பிடுகிறார்கள். அவர் கண்டுபிடித்துச் சொன்னது இரண்டு விஷயம். காளவாசல் கேமராவில் எட்வின் தேனி வண்டியில் ஏறுவது தெரிகிறது. 7.20க்கு உசிலம்பட்டி டவரில் இருக்கும்போது அவன் போன் அணைந்திருக்கிறது.

“அப்ப உசிலம்பட்டியில எறங்கிருக்கான்” என்றாள் ஸ்டெல்லா.

“அதுக்கப்புறம் ஏட்டம்மா அங்க போய்த் தேடலியா?”

“எங்க! வீட்டுக்கு வந்து ரூமைப் பாக்குறாங்க. என்ன செருப்பு போட்டுட்டுப் போனான்னு கேக்குறாங்க. டிராயர்ல கெடந்த மாத்திரை அட்டையப் போட்டோ எடுத்துட்டுப் போறாங்க. தலைவலி மாத்திரைய வச்சு என்னடி கண்டுபிடிப்பாங்க?”

இருவரும் சிரித்தோம். அன்று இரவு வரை போலீஸின் வேலைக்கு மார்க் போட்டோம். டவர் விவரத்துக்கு எட்டு, கேமராவுக்கு ஏழு, செருப்புக்குப் பூஜ்யம்.

இரண்டாம் நாள் காலை 6.30க்குக் காளவாசலில் ஏறினோம். எட்வின் ஏறிய அதே நேரம், அதே தேனி வண்டி. செக்கானூரணி தாண்டியதும் இரண்டு பக்கமும் காய்ந்த மானாவாரி நிலம், அங்கங்கே மேயும் மாடுகள். வேறொரு நாளாக இருந்தால் இந்தச் சாலையைப் பற்றி நான்கு பத்தி எழுதியிருப்பேன். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகி உசிலம்பட்டியில் இறங்கினோம். பஸ் ஸ்டாண்ட், சந்தைப் பக்கம், தங்கும் விடுதிகள், ஆஸ்பத்திரி என்று போட்டோவைக் காட்டிக்கொண்டு நடந்தோம். டீக்கடைக்காரர் ஒருவர், “பாத்த மாதிரிதான் இருக்கு தாயி. ஆனா சந்தைக்கு வாரவுக அம்புட்டுப் பேரும் பாத்த மாதிரிதான் இருப்பாக” என்றார்.

பதினோரு மணிக்குக் கால் ஓய்ந்துவிட்டது. அப்போதுதான் என் போனில் அந்தப் பதிவைத் தயாரித்தேன். எட்வின் போட்டோ, அடியில் ஸ்டெல்லாவின் எண். எழுதிய வாசகம் முழுக்க என்னுடையது. கடைசி வரியை அப்படியே தருகிறேன்: “மனக்குழப்பத்தில் இருக்கிறார். நான் அவரில்லை என்று சொன்னாலும் நம்ப வேண்டாம்.” அடுத்த அரை மணி நேரத்தில் எனக்குத் தெரிந்த எல்லாக் குழுக்களுக்கும் அது போய்விட்டது.

ஒரு மணிக்கு மேல் அழைப்புகள் வரத் தொடங்கின. பாதி வெறும் விசாரிப்பு. 2.05க்குத் திருவாதவூரிலிருந்து ரீசார்ஜ் கடைக்காரர் ஒருவர் பேசினார். ஆள் பஸ் ஸ்டாப்பில் தனியாக உட்கார்ந்திருக்கிறாராம். தாடி, கண்ணாடி, கையில் பை. அனுப்பிய போட்டோ ஆடியிருந்தது. ஆனாலும் ஸ்டெல்லா, “அவன்தான், அவன்தான்” என்றாள். நான் போனை வாங்கி, “அண்ணே, நாங்க வர்ற வரைக்கும் பிடிச்சு வைங்க” என்றேன்.

உசிலம்பட்டி மதுரைக்கு மேற்கே. திருவாதவூர் வடகிழக்கே. பேருந்தில் போனால் இரண்டு வண்டியாவது மாற வேண்டும். கார் பிடித்தோம், 2,200 ரூபாய். ஓட்டுநர், “சிட்டிக்குள்ள போனா மாட்டிக்குவோம்க்கா, திருமங்கலம் போயி ரிங் ரோட்டப் பிடிச்சிருவோம்” என்றார். எழுபது கிலோமீட்டருக்கு மேல். ஸ்டெல்லா முன் இருக்கையின் விளிம்பில் உட்கார்ந்து, இல்லாத ஒரு பிரேக்கைக் கூடவே மிதித்துக்கொண்டு வந்தாள். வழியில் ரயில்வே கேட் ஏதாவது மூடியிருக்குமோ என்று என்னிடம் மூன்று முறை கேட்டாள்.

திருவாதவூர் போய்ச் சேரும்போது மணி 3.55. பஸ் ஸ்டாப்பில் பதினைந்து பேர் வட்டமாக நின்றார்கள். நடுவில் ஒருவர் தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தான்கள் தெறித்திருந்தன. கண்ணாடியின் ஒரு கால் உடைந்து தொங்கியது. கைகளைத் துண்டால் கட்டியிருந்தார்கள். எட்வினைவிடப் பத்து வயது மூத்தவர்.

“இது என் தம்பி இல்ல” என்றாள் ஸ்டெல்லா. சத்தமே வரவில்லை. மறுபடி சொன்னாள்.

அவர் மானாமதுரைக்காரர், பம்புசெட் மெக்கானிக். மோட்டார் பார்க்க வந்துவிட்டு, தோட்டக்காரருக்காகக் காத்திருந்தார். பையில் இருந்தது ஸ்பேனர்கள். “நான் அந்த ஆளு இல்லன்னு எத்தன தடவ சொல்றது? சொல்லச் சொல்ல இன்னும் இறுக்கிக் கட்டுறாங்க” என்றார். ரீசார்ஜ் கடைக்காரருக்கு என் மேல்தான் கோபம். “நீங்கதான நம்ப வேண்டாம்னு போட்டீங்க? நீங்கதான பிடிச்சு வைங்கன்னீங்க?” துண்டின் முடிச்சை அவிழ்க்க நான் குனிந்தேன்.

பிடுங்கி வைத்திருந்த போனைத் திருப்பிக் கொடுத்தார்கள். மனைவியிடமிருந்து இருபதுக்கு மேல் அழைப்புகள். அவர் பேசியதும் மறுமுனையில் எழுந்த அழுகை எங்கள் எல்லோருக்கும் கேட்டது. போன் எடுக்காத கணவரைக் காணவில்லை என்று புகார் கொடுக்க, அந்தப் பெண் அப்போது காவல் நிலைய வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

அன்று மாலை 6.30க்கு ஏட்டம்மா பழங்காநத்தம் வீட்டுக்கு வந்தார். எங்கள் பதிவு அவருக்கும் போயிருந்தது. திட்டுவார் என்று காத்திருந்தோம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

“உசிலம்பட்டி போனீங்களாக்கும். போன் அங்க ஆஃப் ஆச்சுன்னா ஆள் அங்க எறங்குனார்னு அர்த்தமா? ஓடுற பஸ்ல ஆஃப் பண்ணியிருக்கலாம்ல?” என்றார். வரைபடத்தின் மேல் அந்த வட்டம் இன்னும் சிவப்பாக இருந்தது. பிறகு தன் போனில் மாத்திரை அட்டையின் போட்டோவைக் காட்டினார். “இது தலைவலி மாத்திரை இல்லையாமே டீச்சர். மெடிக்கல்ல விசாரிச்சுட்டேன். இது ஃபிட்ஸுக்குப் போடுறதாம்.”

ஸ்டெல்லா என்னைப் பார்க்கவில்லை. “பொண்ணு வீட்டுக்குத் தெரியாது” என்றாள்.

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். எட்வினுக்குப் பத்தொன்பது வயதிலிருந்து வலிப்பு. மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. இதை மறைத்தால்தான் கல்யாணம் நடக்கும் என்று அவள் முடிவு செய்தாள். பெண்ணிடம் தானே சொல்லிவிடுவதாக எட்வின் சொல்லியிருக்கிறான். காணாமல்போவதற்கு முந்தின இரவு அதுதான் சண்டை. “நீ வாயத் தொறந்தேன்னா நான் ஒனக்கு அக்கா இல்லன்னேன் மேடம். காலைல எந்திரிச்சுப் போயிட்டான்.”

“வீட்ல சண்டை ஏதும் நடந்துச்சான்னு மொதல் நாளே கேட்டேனே.”

“இல்லன்னு சொன்னேன்.”

ஏட்டம்மா எழுதிக்கொண்டார். மாத்திரையின் அளவு, எத்தனை நாளுக்குக் கையில் வைத்திருந்தான், மருந்துச் சீட்டை எடுத்துப் போனானா என்று வரிசையாகக் கேட்டார். “அஞ்சு நாளைக்குத்தான் இருந்துச்சுன்னா இந்நேரம் எங்கயாவது வாங்கியிருக்கணும். தேனி ரோட்டுல எத்தன மெடிக்கல் இருந்துறப் போகுது?” வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, “போறேன் டீச்சர். போன்ல இனிமே எதையும் போடாதீங்க” என்றார்.

அவர் போன பிறகு ஸ்டெல்லா வரைபடத்தை மடித்து வைத்தாள். இருபது வருடப் பழக்கத்தில் இப்படி ஒரு விஷயத்தை அவள் என்னிடமும் மறைத்திருக்கிறாள் என்ற வருத்தம் எனக்கு இருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். துண்டால் கட்டிய கைகள் ஞாபகத்துக்கு வர, அடக்கிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் சும்மா வீட்டில் இருக்க முடியவில்லை. மாட்டுத்தாவணியிலிருந்து மானாமதுரைக்குப் போனோம். ஐம்பது கிலோமீட்டர், ஒன்றே கால் மணி நேரம். மெக்கானிக் வேலைக்குப் போயிருந்தார். அவர் மனைவி கேட்டுக்கு உள்ளேயே நின்றார். உடைந்த கண்ணாடிக்குப் பதில் புதிதாக வாங்கித் தருகிறோம் என்றோம். வேண்டாம் என்று தலையாட்டினார். ஸ்டெல்லாவைப் பார்த்துத்தான் பேசினார்.

“ஒங்க தம்பியக் காணோம்ல? அப்ப ஒங்களுக்குத் தெரியும். ரெண்டு மணி நேரம் நான் எப்படி இருந்துருப்பேன்னு தெரியும்ல?”

உள்ளே வரச் சொல்லவில்லை. திரும்பும் வண்டியில் திருப்புவனம் தாண்டியதும் ஸ்டெல்லா பெண் வீட்டுக்குப் போன் போட்டாள். பக்கத்தில் ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போதே எல்லாவற்றையும் சொன்னாள். வலிப்பு, மாத்திரை, மறைத்தது யார் என்பது வரை. பெண்ணின் அப்பா பாதியிலேயே வைத்துவிட்டார். சிலைமான் வரும்போது வேறொரு எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பெண்தான். “அவரு கெடச்சுட்டாரா?” என்று மட்டும் கேட்டாள்.

நான்காம் நாள் காலை 11 மணிக்கு ஏட்டம்மா நிலையத்துக்குக் கூப்பிட்டார். எட்வின் போய்க் கேட்ட ஒரு மெடிக்கலில் அந்த மாத்திரை இருப்பு இல்லை. வந்ததும் சொல்கிறேன் என்று கடைக்காரர் எட்வினின் புது எண்ணை எழுதி வைத்திருக்கிறார். ஏட்டம்மா அவனை நேரில் போய்ப் பார்த்துப் பேசி, வாக்குமூலம் எழுதி வாங்கி வந்திருந்தார்.

“ஆள் நல்லா இருக்கார். ஒரு வேலையும் பாத்துக்கிட்டிருக்கார். ஆனா இப்ப வர விருப்பம் இல்லையாம். எந்த ஊர்னு சொல்ல வேண்டாம்னு கேட்டிருக்கார். மேஜர் ஆன ஆளு, நான் சொல்லக் கூடாது. நீங்க பேசணும்னு கேட்டதாச் சொல்லிருக்கேன். கூப்பிடுறதும் கூப்பிடாததும் அவர் இஷ்டம்.”

இந்த இடத்தில், இப்படித் தேடிப் போகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் பார்ப்போம் என்று தள்ளாமல் உடனே புகார் கொடுங்கள், ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுச் சண்டை, நோய், காதல், கடன் என்று வெட்கப்பட்டு மறைக்கிற விஷயத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஸ்டெல்லா முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு வாரத்துக்குள் முடிந்திருக்கும் என்றார் ஏட்டம்மா. டவர் விவரத்தை வைத்து ஊர் ஊராக அலையாதீர்கள். போட்டோவைப் பொதுவில் போடும் முன் விசாரிக்கும் அதிகாரியிடம் கேளுங்கள். போட்டால் அவர்கள் எண்ணைப் போடுங்கள். யாரையும் பிடித்து வைக்கச் சொல்லாதீர்கள். மேற்கே போகிறவர்கள் மாட்டுத்தாவணிக்குப் போய் அலைய வேண்டாம், ஆரப்பாளையத்திலோ காளவாசலிலோ ஏறலாம். வெயில் கடுமை, தண்ணீர் கையில் இருக்கட்டும். சாப்பிட மறந்துபோகும். யாராவது ஒருவர் ஞாபகப்படுத்துங்கள்.

அன்று மதியம் 2.10க்கு, நான் பையை அடுக்கிக்கொண்டிருக்கும்போது எட்வின் கூப்பிட்டான். ஸ்டெல்லாவின் போனை வாங்கிக் கட்டிலில் வைத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

“அக்கா.”

“மாத்திரை கெடச்சுதாடா?”

“கெடச்சிருச்சு. போடுறேன்.”

“பொண்ணு வீட்ல சொல்லிட்டேன் எட்வின். நான்தான் மறைச்சேன்னும் சொல்லிட்டேன். நீ என்ன செஞ்சாலும் நான் ஒனக்கு அக்காதான்.”

அவன் பதில் சொல்லும் முன் அவனுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. என்ன சத்தம் என்று இங்கே எழுதப் போவதில்லை. வருடக்கணக்காகப் பேருந்தில் சுற்றுகிறவள் நான். அது எந்த ஊர், அந்த ஊரில் எந்தத் தெரு என்பதுகூடத் தெரிந்துவிட்டது.

“வாரேன்க்கா. இப்ப இல்ல. ஆனா வாரேன்” என்றான். வைத்துவிட்டான்.

ஸ்டெல்லா முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். “பின்னால என்னமோ கேட்டுச்சுல்ல? என்னடி அது?”

“எனக்குச் சரியாக் கேக்கல” என்றேன். மூன்றே முக்கால் வண்டியில் ஊருக்குத் திரும்பினேன்.

பதிவிடும் முன் இதை முழுவதும் அவளுக்கு அனுப்பி வைத்தேன். இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தி, போடு என்று பதில் எழுதியிருந்தாள். எந்த ஊர் என்று அவள் கேட்கவில்லை.