எழுபதினாயிரம் எத்தனை பேருக்குப் பிரியும்

கூடப் படித்த தோழிகள் ஏழு பேருக்கும்: மரண வீட்டில் நடந்ததை எழுதுவதற்கு மன்னியுங்கள்.

கடலில் மௌத்தான காதர் மச்சானுக்காக இன்று எல்லோருமாகப் பங்கிட்டு எழுபதினாயிரம் தடவை கலிமா ஓதினோம்.

"பட்டம் படிச்ச புள்ள, சமனாப் பிரிச்சுத் தா. ஒருத்திக்கும் கூடக் குறையப்படாது" என்று என்னிடம் சொன்னார் அவருடைய உம்மா, என் மாமி.

நாங்கள் இருபத்தேழு பெண்கள். மச்சானின் மனைவி, கணவனை இழந்தவள் ஒதுங்கியிருக்கும் இத்தா அறையில் தனியே இருந்தாள்.

"மச்சியையும் எண்ணட்டா, மாமி?"

"காத்துக்குள்ள என்ட மகனக் கடலுக்கு அனுப்பினவளையா? வேணாம்."

"இருபத்தேழுக்கு மிச்சம் வருது, மாமி. மூன்றாலேயே பிரியாத எண் இது. இருபத்தெட்டுப் பேரெண்டா ஆளுக்குச் சரியா ரெண்டாயிரத்தி ஐந்நூறு."

"கணக்கும் அவள்ட பக்கமா?" என்றாள் ஒருத்தி.

மாமி, எண்ணுவதற்கான புளியங்கொட்டையில் ஒரு கிண்ணத்தை அந்த அறைக்குள் தள்ளினார்.

மிச்சம் பதினாறுதான். பதினாறு பேர் ஆளுக்கொன்று கூட ஓதியிருக்கலாம். அதை நான் சொல்லவில்லை. மனம் உறுத்துகிறது.

நாற்பதாம் நாளும் ஓதுவார்கள். நீங்கள் ஏழு பேரும் வாருங்கள். அவளோடு முப்பத்தைந்து, ஆளுக்கு இரண்டாயிரம்.

தயவுசெய்து துணைக்கு யாரையும் கூட்டி வராதீர்கள். ஒருத்தி கூடினால், அவளில்லாமலே முப்பத்தைந்தாகிவிடும்.