புரொசெசருக்காகத் திறந்த யன்னல்

ஜனவரி பதினேழு, பிற்பகல் மூன்று மணி. கணினியின் புரொசெசரை அதற்கு விதித்த வேகத்துக்கு மேல் ஓடவிட்டேன். இணைய விளையாட்டில் பின்தங்கினால் குழு என்னை நீக்கிவிடும். கனடாவின் மொன்றியலில் என்னோடு பேச அவர்களைத் தவிர எவருமில்லை. புரொசெசர் கொதித்தது. அதைக் குளிர்விக்க, பனிக்காற்றுக்கு யன்னலைத் திறந்துவைத்து விளையாடினேன்.

ஒரு மணி நேரத்தில் கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டுத் தமிழ் அக்கா நின்றார். எட்டு மாதங்களாகப் படியில் அவரைக் கண்டால் "போன்ஜூர்" என்று பிரெஞ்சில் வணக்கம் மட்டும் சொல்லி விலகியிருக்கிறேன்.

"யன்னல் திறந்து கிடக்கு, தங்கச்சி. பயந்திட்டன்."

"கம்ப்யூட்டர் சூடாகுது, அக்கா. அதுதான்."

"அதுக்குச் சூடெண்டு நீர் விறைச்சுச் சாகிறதோ?" என்று என் கைகளைப் பற்றினார். விரல்கள் நீலம் பாரித்திருந்தன. திரையில் புரொசெசரின் வெப்பநிலையை ஓயாமல் பார்த்த நான் அவற்றைக் கவனிக்கவேயில்லை. உள்ளே குழு என்னை அழைத்துக்கொண்டிருந்தது. நான் கைகளை எடுக்கவில்லை.

மறுநாள் காலை புரொசெசரைப் பழைய வேகத்துக்குத் திருப்பிவிட்டு, கீழே இறங்கி அவர் பெயரைக் கேட்டேன்.