சாவடிக்கு வந்த ஸ்லோவேனிய வாத்தியார்

எண்பதுகளின் தொடக்கத்தில் அடி அண்ணாமலையில் எனக்கு ஆசிரியர் வேலை கிடைத்தபோது, அந்த ஊர் என்னால் திருந்தப்போகிறது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. ஊருக்குத்தான் தெரியாது.

காரணம் ஒரு பழைய ஸ்லோவேனிய நாவல். திருவண்ணாமலை நூலகத்தில் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு கிடைத்தது. அந்தச் சீமை எங்கே இருக்கிறதென்று நூலகருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இருவருமே அதைக் காட்டிக்கொள்ளவில்லை. கதையில் ஓர் இளம் வாத்தியார் சின்ன ஊருக்கு மாற்றலாகிப் போகிறார். குடியானவர்களைக் கூட்டிப் புத்தகம் படிக்க வைத்தால் உலகம் சரியாகிவிடும் என்று நம்புகிறார். பனியையும் சேற்றையும் எடுத்துவிட்டால் எங்கள் ஊர்தான். காலையில் சைக்கிளில் போகும்போது மலை கூடவே மெதுவாகத் திரும்பிக்கொண்டு வரும். மிதிப்பது நானா அந்தக் கதை வாத்தியாரா என்று சந்தேகமாக இருக்கும். அவரைப் போல மூக்குக் கண்ணாடி போட ஆசைப்பட்டேன். கண் நன்றாகத் தெரிந்து தொலைத்தது.

பஞ்சாயத்துத் தலைவர் மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலைச் செடிகளுக்கு மடை திருப்பிக்கொண்டிருந்தார்.

"படிப்பகமா? எங்க வெப்பீங்க?"

"ஊர்ச் சாவடியில, தலைவரே. தினமும் சாயந்தரம்."

"அங்க சீட்டாடறவன்லாம் எங்க போவான்?"

"அவங்களும் படிக்கட்டுமே."

மண்வெட்டியை வரப்பில் ஊன்றினார். "ஒரு கூட்டம் போடுங்க. இருபது பேரு வந்துட்டா சாவடி உங்களுது. வரலைன்னா இந்தப் பேச்சே வேணாம்."

சாவடியில் விளக்கு கிடையாது. நிலா வெளிச்சம் இருக்கட்டும் என்று பௌர்ணமியைத் தேர்ந்தெடுத்தேன். நான் டவுன் ஆள். சிறுவயதிலிருந்தே பௌர்ணமிதோறும் கிரிவலம் போனவன். பாதி வழியில் இந்த ஊரில்தான் மோர் குடிப்பேன். அந்த மோரை யாரோ விற்க வேண்டும், அன்று ஊரே பாதையோரம் நிற்கும் என்பது மட்டும் தோன்றவில்லை. அந்த ஊர் மலைக்குப் பின்னால் இருப்பதால் நிலாவும் மலையைத் தாண்டிவர நேரமாகும் என்பதும் தோன்றவில்லை.

அன்று சாயந்தரம் சாவடி நிறைந்திருந்தது. எல்லோரும் மலை சுற்ற வந்தவர்கள். செருப்பில்லாமல் நடந்த காலை நீட்டிப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்கள். ஊர்க்காரர் ஒருவரும் இல்லை. திரும்பிப் போயிருக்கலாம். மூன்று நாளாகக் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்த நாவல் கதையை வீணாக்க மனம் வரவில்லை, ஆரம்பித்துவிட்டேன்.

மலையின் நிழலில் யார் முகமும் தெரியவில்லை. மோர்க்கடைப் பெட்ரோமாக்ஸ் பாதங்களை மட்டும் காட்டியது. தூசி படிந்த அத்தனை பாதங்களும் அசையாமல் கதை கேட்டன. இருட்டிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "அந்த ஊரு எங்க கீது சாமி?"

"ரொம்ப தூரம்மா. அங்கயும் மலை இருக்கு."

"சுத்துவாங்களா?"

"தெரியலம்மா."

"அந்த வாத்தியாருக்குப் பொண்ணு குடுத்தாங்களா?"

பதில் சொல்வதற்குள் மலை விளிம்பில் நிலா எட்டிப் பார்த்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டு எல்லோரும் எழுந்து நடந்தார்கள். வெறும் சாவடியில் வெளிச்சம் வந்து விழுந்தது.

தூணோரம் தலைவர் நின்றிருந்தார். "எண்ணிட்டேன். இருபதுக்கு ஜாஸ்தியாத்தான் இருந்தாங்க. ஆனா நம்ம ஊரான் ஒருத்தன் இல்லையே வாத்தியாரே."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வாக்கு குடுத்துட்டேன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி நீங்க வெச்சுக்கங்க. மத்த நாளு சீட்டு."

ஊர்க்காரர் யாரும் வர முடியாத அந்த ஒரு நாளை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். மாற்றலாகும்வரை அதை நான் விடவில்லை. மாதாமாதம் புதுப் பாதங்கள் வந்ததால் மாதாமாதம் கதையை முதலிலிருந்தே தொடங்கினேன். வாத்தியார் நம்பிக்கையோடு ஊருக்குள் நுழைந்து, முதல் கூட்டத்துக்கு நாற்காலி போடும் இடத்தில் அவர்களுக்குக் கால்வலி தீர்ந்துவிடும். அதற்குமேல் அவருக்கு நடந்த கொடுமைகளை அங்கே யாருக்கும் நான் சொல்ல நேரவில்லை.