அன்று வந்தது கருடன் இல்லையாம்

அதிர்ச்சி இன்னும் அடங்கவில்லை. வந்ததும் வராததுமாக எழுதுகிறேன்.

இன்று ஃப்ரீமான்ட் ஏரிக்கரையில் கைடு வைத்துப் பறவை பார்க்கப் போனோம். திடீரென்று தலைக்கு மேலே பெரிதாக ஒன்று, இறக்கையை அசைக்காமல் வட்டமிட்டது.

என் மனைவி சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "கருடங்க! நம்ம கிரகப்பிரவேசத்தன்னிக்கு வந்துதே, அதேதான்!"

கைடு அம்மாள் என்னவென்று கேட்டார். விஷ்ணுவின் வாகனம், வீட்டுக்கு மேலே வட்டமிட்டால் நல்ல சகுனம் என்று பெருமையாக விளக்கினேன்.

அவர் ரொம்பவே தயங்கினார். பிறகு, அது பிணம் தின்னும் கழுகு என்றார். செத்த வாடை வந்தால்தான் இவ்வளவு தாழ வந்து சுற்றுமாம்.

கிரகப்பிரவேசத்தன்று புரோகிதர் உட்பட மொத்தக் கூட்டமும் ஹோமத்தை அப்படியே விட்டுவிட்டு, எங்கள் வீட்டு வாசல் டிரைவ்வேயில் நின்று அதைக் கும்பிட்டது.

வீடு திரும்பி, கராஜ் கதவு திறக்கும்போது என் மனைவி கேட்டாள்.

"அப்போ அன்னிக்கு நம்ம வீட்ல செத்துக் கெடந்தது என்னங்க?"

டார்ச்சைத் தேடிக்கொண்டிருக்கிறேன். உங்கள் கிரகப்பிரவேசத்துக்கும் கருடன் வந்ததா? முதலில் கூரைக்கடியில் அட்டிக்கில் ஏறிப் பாருங்கள். பதில் அப்புறம் எழுதலாம்.